கடைவாயில் ஒரு விசில்

பிடுங்கிய பல் இரண்டையும் சீனித்தாய் ஒரு பழைய பெருங்காய டப்பாவுக்குள் பஞ்சு வைத்துப் போட்டிருந்தாள். அசிங்கம்தான். ஆனால் தூக்கி எறிய மனசு வரவில்லை. பூச்சி இல்லை, ஓட்டை இல்லை, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை வெளேரென்று இரண்டு கடைவாய்ப் பல். புருஷன் வாயிலிருந்து அது இரண்டும் போன பிறகும் வலி மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரன் உள்ளே இருந்து இருமுகிறான் என்றால் யாரைப் போய்க் கேட்பது?

புருஷன் பெயர் லிங்கராஜ். வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்கு சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. அடிவயிற்றில் நின்று மூட்டை பிடிக்கிறவர்களுக்குக் கிரேன் என்ன செய்யப் போகிறது என்று தெரியாது. இரண்டு பக்கத்தையும் பார்க்கிற மாதிரி மேல்தளத்தில், சரக்கு இறக்குகிற அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒருத்தன் நிற்க வேண்டும். அவன்தான் சிக்னல்மேன். கட்டைவிரல் மேலே போனால் தூக்கு. உள்ளங்கை கீழே போனால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் நில். பள்ளத்துக்குள் குனிந்து வேலை செய்கிறவர்கள் கையைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு விசில். நீளமாக ஒன்று ஊதினால், தலைக்கு மேலே பாரம், ஒதுங்கு என்று அர்த்தம். வாக்கிடாக்கி வந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் விசில் சத்தத்துக்குத்தான் கால் தானாக நகர்கிறது என்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் விசில் எந்நேரமும் லிங்கராஜின் இடது கடைவாயில்தான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? இருபத்திரண்டு வருஷம்.

வீட்டிலும் அதே பாஷைதான். சோற்றுக்கு உட்கார்ந்தால் கட்டைவிரல் மேலே போகும், இன்னொரு கரண்டி. முஷ்டி மடங்கும், போதும். கல்யாணமான புதிதில் சீனித்தாய்க்கு ஆத்திரமாக வரும். "நான் என்ன கிரேனா? வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்?" என்று கேட்பாள். பிறகு பழகிவிட்டது. வாயாடிப் பெண்ணுக்கு வாய் பேசாத புருஷன் வாய்த்ததும் ஒரு வசதிதான், எதிர்ப்பேச்சு இல்லை.

தைப் பொங்கலுக்குத்தான் முதலில் இடித்தது. மஞ்சள் போட்டுப் பனங்கிழங்கு அவித்து, நார் உரித்து, துண்டு துண்டாக ஒடித்துத் தட்டில் வைத்தாள். மற்ற வருஷம் என்றால் நின்றபடியே ஆறு கிழங்கு தின்கிற ஆள். அன்றைக்கு ஒரு துண்டைக் கடித்தார். காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். முஷ்டி மடங்கிவிட்டது.

"என்ன, ஒரு துண்டுக்கே போதுமா? கிழங்கு நல்லா இல்லையா?"

கையால் கன்னத்தைப் பொத்தியபடி எழுந்து போய்விட்டார். சீனித்தாய் இரண்டு நாள் பேசவில்லை. கிழங்குக்கு உப்பு பத்தவில்லை என்பதைக்கூட வாயால் சொல்ல மாட்டாரா என்று கோபம். அவள் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை என்பது அதைவிடக் கோபம்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கொட்டாவி விட்டால் முகம் கோணுகிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார். ஒரு நாள் காது வலி என்றார். மறுநாள் நெற்றிப்பொட்டு என்றார். அதற்கு அடுத்த நாள் பல் என்றார்.

"ஒரு இடத்தச் சொல்லுங்க. ஊரு ஊரா பஸ் மாதிரி போயிட்டு இருந்தா எங்கனன்னு ஒத்தடம் குடுப்பேன்?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனாளா?"

பக்கத்து வீட்டு முத்துக்கனி வந்து கன்னத்தைப் பார்த்துவிட்டு, "ஏளா சீனி, இது பொன்னுக்கு வீங்கி. கழுத்துல ரெட்டவடச் சங்கிலி போட்டு விடு, வத்திரும்" என்று வைத்தியம் சொன்னாள்.

"பொன்னு கேட்டு வீங்குறதுன்னா இந்த வீட்டுல எனக்குல்லா முதல்ல வீங்கியிருக்கணும்?"

கிராம்பு வைத்தாயிற்று. தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாயிற்று. கடைசியில் பஜாரில் ஒரு பல் டாக்டர். எந்தப் பல் என்று கேட்டார், லிங்கராஜ் ஒன்றைக் காட்டினார், பிடுங்கினார். பத்து நாளில் அதற்குப் பக்கத்துப் பல். அதுவும் போயிற்று. இப்போது மூன்றாவது பல்லுக்கு வருகிற திங்கட்கிழமை நாள் குறித்துவிட்டு வந்திருந்தார்.

சீனித்தாய்க்குப் புரியாதது இதுதான். ஊசி என்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற மனுஷன், பல்லைப் பிடுங்க இப்படிப் பறக்கிறாரே, ஏன்? வேலைக்கு லீவு போடவும் மாட்டேன் என்கிறார். வேலைக்குப் போகும்போது முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது. ஒரே இடத்தில் வேலை செய்கிற ஆறுமுகநயினார், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, தினம் சாயங்காலம் வருகிற ஆள், அவர் வந்தால் இவர் குளிக்கப் போய்விடுகிறார். இரண்டு பேருக்கும் சண்டையா என்றால் இல்லை என்கிறார். பல் வலிக்கும் சிநேகிதனுக்கும் என்ன சம்பந்தம்? முடிச்சு போடப் பார்த்தாள், நூல் எட்டவில்லை.

"மூணாவது பல்லுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாள். "இப்படியே போனா நாளைக்கு நாக்குதான் மிச்சம். அதையும் நீங்க உபயோகப்படுத்துறது இல்ல."

ஊருக்குள் தாடைக்கென்றே படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தாள். பெயர் ஜெப்ஸி. சனிக்கிழமை காலையில் அங்கே இழுத்துக்கொண்டு போனாள். பெருங்காய டப்பாவும் பைக்குள் இருந்தது.

டாக்டர் சின்னப் பெண்தான். "அண்ணாச்சி, வாயத் திறங்க" என்றாள். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு, "மெதுவா மூடுங்க" என்றாள். 'டக்.' எதிர் நாற்காலியில் இருந்த சீனித்தாய்க்கே கேட்டது. கன்னத்தை, நெற்றிப்பொட்டை, கழுத்தை எல்லாம் அழுத்தினாள். ஒரு இடத்தில் லிங்கராஜ் நாற்காலியோடு எழும்பினார்.

"பல்லுல ஒண்ணும் இல்லம்மா. வலி பல்லுல தெரியுது. பல்லுல இருந்து வரல."

சீனித்தாய் டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தாள். "அப்ப இது ரெண்டும் எதுக்குப் போச்சு?"

டாக்டர் ஒரு பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பஞ்சிலேயே வைத்தாள். "அதத் திருப்பி வைக்க முடியாதும்மா. இனிமே பிடுங்காதீங்க."

"இல்லாத பல்லு எப்படித் தாயி வலிக்கும்?"

சுவரில் மண்டை ஓட்டுப் படம் ஒன்று தொங்கியது. அதில் காதுப் பக்கத்திலிருந்து மூன்று கிளையாக ஒரு மஞ்சள் நரம்பு. நெற்றிக்கு ஒன்று, மேல் தாடைக்கு ஒன்று, கீழ் தாடைக்கு ஒன்று. டாக்டர் அதைக் காட்டினாள்.

"பல்லு, தாடை மூட்டு, நெத்திப்பொட்டு, எல்லாத்துக்கும் இந்த ஒரே நரம்புதான். எந்தக் கிளையில இருந்து சேதி வருதுன்னு மூளைக்கே குழப்பம். அது பல்லுன்னு நினைச்சுக்குது. நீங்களும் பல்லுன்னு நினைச்சீங்க. அந்த டாக்டரும் அப்படித்தான்."

"மூளையே அப்படின்னா நாம என்னத்துக்கு ஆவோம்?"

"இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், அண்ணாச்சி, நீங்களும் கேளுங்க. மூட்டு வீங்கியிருக்கு. அங்க நரம்பு முனையில இருந்து சில ரசாயனம் கசியும். அதுல முக்கியமான ஆளு சி.ஜி.ஆர்.பி. அது வந்தா ரத்தக்குழாய் விரியும், வீக்கம் கூடும். வீக்கம் கூடினா நரம்பு இன்னும் கத்தும். இந்த நரம்புக்கு இங்க ஒரு முடிச்சு இருக்கு. அதுல பக்கத்துல சும்மா இருக்குற செல்லுங்களும் சேர்ந்துக்கும்."

"குழாயடியில ஒருத்தி கத்துனா தெருவே கத்துற மாதிரி."

"அதேதான்மா! கடைசியில ஆபத்தே இல்லாதப்பவும் ஆபத்து, ஆபத்துன்னு போய்க்கிட்டே இருக்கும். அண்ணாச்சிக்குப் பிரச்சினை பல்லு இல்ல. சிக்னல்தான். சிக்னல் தப்பாப் போகுது."

லிங்கராஜ் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"யாரு சொன்னா?"

"என்னது?"

"சி.ஐ.எஸ்.எஃப்.ல சொல்லிட்டாவளா?"

துறைமுக வாசலில் துப்பாக்கியோடு நின்று பாஸ் பார்த்து உள்ளே விடுகிறவர்கள் சி.ஐ.எஸ்.எஃப். தினம் காலையில் லிங்கராஜ் அவர்கள் முன்னால்தான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போகிறார். அவர்கள் எப்படித் தன் புருஷனின் நரம்புக்குள் போனார்கள் என்று சீனித்தாய்க்குத் தலை சுற்றியது. டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் இவளைப் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் லிங்கராஜ். "டாக்டரம்மா, நான் வேணும்னு செய்யல. கை சரியாத்தான் காட்டுனேன். முஷ்டிய மடக்குனேன், கிரேன் நின்னுட்டு. விசில்தான். ஊதணும்னு கடிச்சேன், பழுக்கக் காய்ச்சின கம்பிய காதுக்குள்ள விட்ட மாதிரி இருந்துச்சி. வாய் பூட்டிக்கிட்டு. விசில் கீழ விழுந்துட்டு. சத்தமே வரல."

"எப்ப?" என்றாள் சீனித்தாய்.

"உர மூட்டைக் கப்பல் வந்துச்சுல்லா, அதுல. பதினேழு நாளாச்சு. பாரம் சாஞ்சு ரெண்டு மூட்டை நழுவிட்டு. கீழ ஆறுமுகநயினாரு. ஒரு முழம், ஒரு முழம் தள்ளி விழுந்துச்சி. அவன் எதேச்சையாத்தான் நகர்ந்தான். நான் ஊதி நகரல."

டாக்டர் மெதுவாக, "அண்ணாச்சி, உக்காருங்க. நான் உங்க வேலையப் பத்தி எதுவும் சொல்லல. நீங்க என்ன வேலை பார்க்குறீங்கன்னே எனக்குத் தெரியாது. அது சி.ஜி.ஆர்.பி. எல்லாரு உடம்புலயும் இருக்குறதுதான்" என்றாள்.

லிங்கராஜ் உட்கார்ந்தார். "அப்ப யாரும் சொல்லலையா?" என்றார்.

"நீங்கதான் இப்ப சொன்னீங்க."

சீனித்தாய்க்கு நூல் எட்டிவிட்டது. பல்லைப் பிடுங்கப் பறந்தது இதற்குத்தான். ஒவ்வொரு பல்லாகப் போனாலாவது அடுத்த கப்பல் வருவதற்குள் விசில் வாயில் நிற்கட்டும் என்று. எட்டியது சரி, அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. புருஷனுக்காக அழுவதா, ஆறுமுகநயினார் பெண்டாட்டியை நினைத்துப் பயப்படுவதா, தன்னிடம் பதினேழு நாளாக மறைத்ததற்கு இங்கேயே நாலு கேள்வி கேட்பதா? கடைசியில் வெளியே வந்தது வேறு.

"ஆபத்து இல்லாதப்ப நரம்பு கத்துது. ஆபத்து வந்தப்ப இவரு கத்தல. நல்ல பொருத்தம்."

டாக்டர் விசிலைக் கேட்டாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் விசில். கடிக்கிற இடத்தில் இரண்டு பள்ளம், ஆணி அடித்துப் பிடுங்கின மாதிரி. இதுபோல வருஷத்துக்கு மூன்று வாங்குவாராம். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை மணி நேரம் கடிப்பீங்க?"

எட்டு விரல் காட்டினார்.

"அப்ப இந்த விசில்தான் காரணமா?" என்றாள் சீனித்தாய். ஒரு குற்றவாளி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"இதுவும் ஒண்ணு. தூக்கத்துல பல்லக் கடிக்குறதும் ஒண்ணு. மனசுல பயம் இருந்தா வலி கூடும், அதுவும் ஒண்ணு. இதனால மட்டும்தான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

"பயத்தால வலியா, வலியால பயமா?"

"ரெண்டும்."

"மருந்து?"

"அந்த சி.ஜி.ஆர்.பி.ய மறிக்க ஒத்தைத் தலைவலிக்கு மருந்து இருக்கு. தாடைக்குச் சரிவருமான்னு இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இப்போதைக்கு வீக்கத்துக்கு மாத்திரை, தூங்குறப்ப பல்லுல மாட்ட ஒரு தகடு, சுடு ஒத்தடம், மெதுவா வாயத் திறந்து மூடுற பயிற்சி. கடிக்கிற மாதிரி எதுவும் தின்னக் கூடாது. இது வாயில போகக் கூடாது." விசிலை மேஜையில் வைத்தாள், இரண்டு பல்லுக்கும் பக்கத்தில்.

லிங்கராஜ் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் உப்பளத்தைத் தாண்டியதும் பைக்கை ஓரமாக நிறுத்தச் சொன்னாள் சீனித்தாய். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

"திங்கக்கிழமை வேலைக்குப் போறியளா?"

"போகணும். கப்பல் வருது."

"விசிலோட?"

அவர் முஷ்டி மடங்கியது.

"வாயத் தொறந்து சொல்லுங்க. இனிமே எனக்குக் கை சிக்னல் வேண்டாம்."

"சொன்னா எறக்கி விட்டுருவாவ. இருவத்திரண்டு வருசமா நான் கைய மடக்குனா கப்பலே நிக்கும்ளா. கரையில போயி லாரிக்காரன் பின்னால ரிவர்ஸ் வா, ரிவர்ஸ் வான்னு நிக்கணுமா?"

சீனித்தாய்க்கு அது வலித்தது. அவர் அந்த விளிம்பில் நிற்கிற போட்டோ ஒன்று வீட்டில் மாட்டியிருக்கிறது. சொந்தக்காரர்கள் வந்தால் அவள்தான் காட்டுவாள், "இவரு கையசைக்காம அங்க ஒரு மூட்டை நகராது" என்று. மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். மாத்திரை தின்று, தகடு மாட்டி, ஒரு மாசத்தில் சரியாகிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. யோசித்தாள், நினைத்தது பிடிக்கவில்லை.

"அடுத்த தடவ அந்த ஒரு முழம் இல்லாமப் போச்சுன்னா? அவன் பொண்டாட்டி என் மூஞ்சியப் பார்ப்பா. நான் என்னத்தச் சொல்லுவேன், எம்புருஷனுக்கு நரம்புல ரசாயனம் கசியுதுன்னா?"

லிங்கராஜ் பைக்கை உதைத்தார். வண்டி முத்தையாபுரத்தில் தங்கள் தெருவில் திரும்பவில்லை, ஆறுமுகநயினார் தெருவில் திரும்பியது.

ஆறுமுகநயினார் கைலியோடு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். லிங்கராஜ் நின்றபடியே சொன்னார். கோர்வையாக இல்லை, ஆனால் வாயால் சொன்னார். கேட்கக் கேட்க ஆறுமுகநயினார் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் சீனித்தாய் நினைத்தாள்.

"ஏலே, அப்ப நீ அன்னைக்கு ஊதவே இல்லையா?"

"ஊதல."

"அட பாவி! நீ ஊதியிருப்ப, எனக்குத்தான் கேக்கலன்னுல்லா நான் நெனச்சேன். காது போச்சுன்னு பதினேழு நாளா தூக்கம் இல்ல. பெரியாஸ்பத்திரியில போயி காதுல மிசின் வச்சுப் பார்த்துட்டு வந்தேன். நல்லா இருக்குன்னான். நான் நம்பல. உன்கிட்ட வந்து கேட்டா ஃபோர்மேன் ஜெனிஸ் அண்ணன்கிட்ட சொல்லிருவியோன்னு பயந்து..."

"நீதான் தினம் வந்தியே?"

"நீ சொல்லிட்டியான்னு பார்க்கத்தான் வந்தேன். நீ குளிக்கப் போயிட்ட. சரி, சொல்லிட்டான் போலன்னு நெனச்சேன்."

ஒருத்தனுக்குத் தாடை, ஒருத்தனுக்குக் காது. இரண்டு ஆம்பளைகளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பதா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பிறகு ஆறுமுகநயினார் முகம் மாறியது. அந்த ஒரு முழம் அவருக்கு இப்போதுதான் எட்டியது. ஸ்பேனரை எடுத்து, மறுபடி வைத்து, "போலே, திங்கக்கிழமை ரெண்டு பேரும் போயி ஜெனிஸ் அண்ணன்கிட்ட சொல்லுவோம்" என்றார். குரல் பழைய குரலாக இல்லை.

ஃபோர்மேன் ஜெனிஸ் கத்தினாராம். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு (அதுதான் பயமாக இருந்தது என்றார் லிங்கராஜ்) ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டாராம். மேல்தளத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். தாடை சரியாயிற்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கரையில் லாரிகளை ஒழுங்குபடுத்துகிற வேலை. ரிவர்ஸ் வா, ரிவர்ஸ் வா.

சித்திரை பிறந்துவிட்டது. தகட்டை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். நறநற சத்தம் குறைந்திருக்கிறது. இரண்டு விரல் நுழைந்த வாயில் இப்போது இரண்டரை விரல் நுழைகிறது. சில நாள் வலி இல்லை. சில நாள் காரணமே இல்லாமல் வருகிறது, அதுவும் இல்லாத பல்லில். விசில் கடிக்காத நாளில் ஏன் வர வேண்டும்? நரம்புக்கு இன்னும் சேதி போகவில்லையா, விசில் போய்விட்டது என்று? ஜெப்ஸி டாக்டரிடம் கேட்டால், "பழகின நரம்பு லேசுல விடாதும்மா, நாளாகும்" என்கிறாள். எத்தனை நாள் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நேற்று மத்தியானம் நுங்கு வாங்கிவந்து, தோல் நீக்கி, கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பல் வேண்டாம். நாலு நுங்கு உள்ளே போனது.

"வலிக்குதா?"

லிங்கராஜ் கையைத் தூக்கினார். கட்டைவிரல் மேலே போகவில்லை. உள்ளங்கை கீழே போகவில்லை. முஷ்டியும் மடங்கவில்லை. விரல்கள் விரிந்தபடி, காற்றில் இப்படியும் அப்படியும் ஆடின. இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கையை அவள் பார்த்ததில்லை.

"இது என்ன சிக்னலு?"

"தெரியலளா" என்றார் அவர், வாயால். "இந்த வலி கிரேன்ல தொங்குற பாரம்னா, கிரேன்காரன என்ன செய்யச் சொல்லுவேன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

சீனித்தாய் இன்னும் ஒரு நுங்கைக் கிண்ணத்தில் போட்டாள். அதற்கும் அவர் வாயைத் திறந்தார்.